ஸ்டீமில் உங்கள் கேமை நீங்களே வெளியிடுவது: பான் கார்டில் தொடங்கி முதல் பணம் வரும் வரை

ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் கேம்களை விற்கிற இணையக் கடை, வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் நடத்துவது. கேமை முழுசாக முடித்துவிட்டு ஸ்டீமில் ஏற்றலாம், ஏற்றின பிறகு விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதல் கேம் செய்கிறவர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். கடைப் பக்கம் முதலில் திறக்க வேண்டும், ஆள் சேர்ப்பது அடுத்து, விற்பனை கடைசி. கீழே வருகிற ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் போகும்.

ஏன் என்றால், ஸ்டீமில் இடம் கிடைப்பது இப்போது பெரிய காரியமே இல்லை. 2012-இல் கிரீன்லைட் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள், ஆட்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே போக முடியும். 2017 ஜூனில் அதை எடுத்துவிட்டு ஸ்டீம் டைரக்ட் வந்தது. ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் போதும், யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். விளைவு, 2024-இல் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வெளிவந்தன. ஒரு நாளைக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐம்பதில் உங்களுடையதை யாராவது பார்க்க வேண்டும், அதுதான் இப்போது உள்ள ஒரே கஷ்டம்.

புரோகிராம் எழுதுவதற்கு முன்னால்

விளம்பரத்தின் பாதி வேலை, என்ன வகைக் கேம் செய்யப் போகிறோம் என்று முடிவெடுக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. ஸ்டீமில் பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்கில் உட்காரத் தயாராக இருப்பவர்கள். கட்டுவது, நிர்வாகம் பண்ணுவது, சிமுலேஷன், ஹாரர், சீட்டாட்ட ரோக்லைக் (தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய வகை), நண்பர்களோடு சேர்ந்து ஆடுவது, இவற்றுக்கெல்லாம் அங்கே பசி அடங்குவதே இல்லை. எல்லாரும் முதல் கேமாகச் செய்கிற, தாவித் தாவிப் போகிற 2டி பிளாட்ஃபார்மருக்கும் குட்டிப் புதிர்க் கேமுக்கும் அங்கே கூட்டம் மிகக் குறைவு. செய்யக் கூடாது என்று சொல்லவில்லை, ஆசைக்குச் செய்யுங்கள், ஆனால் அது விற்கவில்லை என்று ஸ்டீமைத் திட்டாதீர்கள்.

உங்கள் யோசனைக்கு நெருக்கமாக, சமீபத்தில் சின்ன டீம்கள் வெளியிட்ட ஒரு பத்துப் பதினைந்து கேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ரிவ்யூ வந்திருக்கிறது என்று பாருங்கள். விற்பனை எண்ணை ஸ்டீம் வெளியே காட்டாது, ரிவ்யூ எண்ணிக்கையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஒரு ரிவ்யூவுக்கு 30 முதல் 50 காப்பி வரை விற்றிருக்கும் என்பது தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. மைக் பாக்ஸ்லைட்டர் என்ற டெவலப்பர் தொடங்கிவைத்ததால் அதற்குப் பாக்ஸ்லைட்டர் எண் என்றே பெயர். வெற்றி பெற்ற ஒன்றை மட்டும் பார்த்து மயங்காமல் நடுவில் நிற்கிற கேம் எவ்வளவு விற்றிருக்கிறது என்று பாருங்கள். பதினைந்தில் பன்னிரண்டு கேம்கள் 20 ரிவ்யூகூடத் தாண்டவில்லை என்றால் உங்களுக்கும் அதுதான் நடக்க வாய்ப்பு அதிகம்.

நம்ம ஊர் விஷயத்தை வைத்துச் செய்தால் உலகச் சந்தையில் போகுமா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். டொரண்டோவிலிருந்து 2023 ஜூலையில் வெளிவந்த வெண்பாவைப் பாருங்கள். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு, இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்கிற புதிர்கள். அடுத்த வருடம் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதுகளில் சிறந்த அறிமுகக் கேம் விருதும், ஐஜிஎஃப் என்ற சுயாதீனக் கேம் விழாவின் பெரும்பரிசும் அதற்குத்தான் கிடைத்தன. ஊர் விஷயம் தடையாக இருக்கவில்லை. ஒரு படத்தைப் பார்த்தாலே இது சமையல் கேம், இது ஒரு குடும்பக் கதை என்று புரிந்துவிடுகிறது, அதைக் கவனியுங்கள்.

முதல் படி: கணக்கு, பெயர், வரி

ஸ்டீம்வொர்க்ஸ் என்பது டெவலப்பர்களுக்கான தனித் தளம். அங்கே பதிவு செய்யும்போது தனிநபரா, நிறுவனமா என்று கேட்கும். முதல் கேமுக்குத் தனிநபராகவே போகலாம், அதற்காக ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கி வருடா வருடம் ஆடிட் செலவு இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்கிறீர்கள் என்றால் மட்டும், பணம் வருவதற்கு முன்னால், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள்.

தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகமாக மாட்டிக்கொள்கிற இடம் பெயர். வங்கிப் புத்தகத்தில் ஆர். கார்த்திக், பான் கார்டில் இனிஷியலை விரித்து கார்த்திக் ராஜேந்திரன், பாஸ்போர்ட்டில் அதுவே முன்பின் மாறி வேறொன்று. ஸ்டீம்வொர்க்ஸில் கொடுக்கிற சட்டப்பூர்வப் பெயர், வங்கிக் கணக்கின் பெயர், வரிப் படிவத்தின் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் சரிபார்ப்பு முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். முதலில் வங்கிக்குப் போய்ப் பான் கார்டில் உள்ளபடி பெயரை மாற்றிக்கொண்டு அப்புறம் பதிவைத் தொடங்குங்கள். வங்கியிலேயே உங்கள் கிளையின் ஸ்விஃப்ட் கோடையும் (வெளிநாட்டுப் பணம் வருவதற்கான வங்கிக் குறியீடு) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னக் கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு இருக்காது, எந்தக் கிளை வழியாக வெளிநாட்டுப் பணம் வரும் என்று அவர்களே சொல்வார்கள்.

அடுத்து வரி நேர்காணல். பெயர்தான் பயமுறுத்துகிறது, உண்மையில் திரையில் வருகிற சில கேள்விகள்தான். அமெரிக்கர் அல்லாத தனிநபருக்கான டபிள்யூ-8பென் படிவம் அதன் முடிவில் தயாராகிவிடும். உங்கள் நாட்டு வரி எண் என்ற இடத்தில் பான் எண்ணைக் கொடுங்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருப்பதால், அமெரிக்காவில் விற்கிற காப்பிகளின் உங்கள் பங்கில் 15 சதவீதம் பிடிப்பார்கள். ஒப்பந்தச் சலுகையைக் கேட்காமல் விட்டால் 30 சதவீதம் போய்விடும். மற்ற நாடுகளில் விற்பதற்கு இந்தப் பிடித்தம் கிடையாது.

100 டாலரைக் கட்டியதும் உங்கள் கேமுக்கு ஓர் ஆப் ஐடி, அதாவது ஸ்டீமில் அதற்கான அடையாள எண், கிடைக்கும். அந்தக் கேம் 1,000 டாலர் வருமானத்தைத் தொட்டால் இந்த 100 திரும்பி வந்துவிடும். கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழிந்துதான் வெளியிட முடியும், அதுபோக 'விரைவில்' என்ற நிலையில் கடைப் பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது திறந்திருக்க வேண்டும். இவை குறைந்தபட்ச விதிகள் மட்டுமே. இரண்டு வாரத்தில் திறந்து வெளியிட்டால் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

இரண்டாம் படி: கடைப் பக்கம்

நேரத்தை இங்கேதான் கொட்ட வேண்டும். வெறுமனே விதி சொல்லிக்கொண்டு போகாமல் ஒரு கற்பனைக் கேமை வைத்துப் பார்ப்போம். பெயர் 'லோடு'. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ராத்திரி நேரத்தில் பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் நாமக்கல்லுக்கு லாரியை இறக்க வேண்டும்.

முதலில் கேப்சூல். உங்கள் கேமின் பெயரோடு கடை முழுக்கச் சின்னச் சின்னதாகத் தெரிகிற அட்டைப் படத்துக்குத்தான் அப்படிப் பெயர். தலைப்புக் கேப்சூல் 920க்கு 430, சின்னது 462க்கு 174, முதன்மைக் கேப்சூல் 1232க்கு 706, நெட்டுக்குத்தானது 748க்கு 896, லைப்ரரிக்கு 600க்கு 900 பிக்சல் என்று பல அளவுகளில் கேட்பார்கள். சின்னக் கேப்சூல் தேடல் பட்டியலில் கட்டைவிரல் அகலத்துக்கும் குறைவாகத்தான் தெரியும். அந்த அளவிலும் கேமின் பெயர் படிக்க வேண்டும், வகை புரிய வேண்டும். 'லோடு'க்கு எல்லாரும் வரைகிற படம்: மலை, நிலா, தூரத்தில் ஒரு லாரி. அழகாக இருக்கும், சின்னதாக்கினால் கறுப்பு மைதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக லாரியின் முகம் படத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, ஒரு சக்கரம் விளிம்பைத் தாண்டித் தொங்கி, பலாப்பழங்கள் பள்ளத்தில் உருண்டுகொண்டிருந்தால், பார்த்தவுடனே ஆபத்தும் சிரிப்பும் இரண்டும் தெரிந்துவிடுகிறது. கையில் இருக்கிற காசில் ஒரே ஒரு விஷயத்துக்கு ஆள் வைக்க முடியும் என்றால் கேப்சூல் வரைகிறவருக்குக் கொடுங்கள். ஒன்று ஞாபகம், 2022 செப்டம்பரிலிருந்து கேப்சூலில் கேமின் பெயரையும் படத்தையும் தவிர வேறு எழுத்து கூடாது. விருது, மேற்கோள், தள்ளுபடி விளம்பரம் எதுவும் ஒட்ட முடியாது.

அடுத்து சுருக்க விவரம், சுமார் 300 எழுத்துக்குள். இதில்தான் டெவலப்பர்களுக்குக் கவிஞர் ஆவேசம் வந்துவிடுகிறது. 'லோடு என்பது வாழ்க்கை, குடும்பம், நம்பிக்கை ஆகியவற்றைப் பற்றிய உணர்ச்சிபூர்வமான பயணம்' என்று எழுதினால் படித்தவருக்கு இதில் கையால் என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'பிரேக் சரியில்லாத பழைய லாரியை எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறக்குங்கள். பலாப்பழம் உருளாமல், டீசல் தீராமல், விடிவதற்குள் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேருங்கள். கிடைத்த காசில் லாரியைச் சீர் செய்யுங்கள், நாளை ராத்திரி லோடு இன்னும் கனம்.' இறக்கு, சேர், சீர் செய் என்று எல்லாம் வினைச்சொல்லாக வருகிறது. கடையில் இதை ஆங்கிலத்தில்தான் போடப் போகிறீர்கள், இருந்தாலும் விதி ஒன்றேதான்.

ஸ்க்ரீன்ஷாட் குறைந்தது ஐந்து வேண்டும், 1920க்கு 1080 அளவில். ஐந்தும் ஒரே இருட்டு ரோடாக இருந்தால் வீண். ஒன்று மழையில் வளைவு, ஒன்று டிரைவர் கேபினுக்குள்ளிருந்து, ஒன்று லாரி மெக்கானிக் ஷெட்டில் எதை மாற்றலாம் என்று பட்டியலோடு, ஒன்று லோடு ஏற்றும் திரை, ஒன்று எல்லாம் கவிழ்ந்த பிறகு. திரையில் வரும் பட்டன், மீட்டர் எதையும் மறைக்காதீர்கள். ஸ்டீமில் உலாவுகிறவர்கள் மீட்டரைப் பார்த்துத்தான் இது நமக்கான கேமா என்று முடிவு பண்ணுகிறார்கள்.

ட்ரெய்லர் ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். ஸ்டூடியோ லோகோ, கறுப்புத் திரையில் மெதுவாக வரும் எழுத்து, இவை எல்லாவற்றையும் வெட்டுங்கள். முதல் ஐந்து விநாடிக்குள் லாரி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பல பேர் சத்தம் இல்லாமல்தான் பார்ப்பார்கள், அதனால் விஷயத்தைக் குரலில் மட்டும் வைக்காதீர்கள். லாரிக்குள் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கை துறுதுறுக்கும். உரிமை வாங்காமல் அதைத் தொட முடியாது, உங்களுக்கு மட்டுமல்ல, அதை ஆடிக் காட்டுகிற யூடியூபர்களுக்கும் காப்பிரைட் புகார் வந்து சேரும். அப்படி ஒரு கேமை அவர்கள் இரண்டாவது தடவை தொட மாட்டார்கள்.

டேக்குகள், அதாவது கேமின் வகையைச் சொல்கிற அடையாளச் சொற்கள், இருபது வரை போடலாம், இருபதையும் போடுங்கள். உங்கள் கேமை யாருக்குக் காட்டுவது, எந்தக் கேமின் பக்கத்தின் கீழே 'இது போன்றவை' என்று வைப்பது என்பதை ஸ்டீம் பெரும்பாலும் டேக்கை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. வரிசையும் முக்கியம். இண்டி, அட்வெஞ்சர், கேஷுவல் மாதிரி எதற்கும் பொருந்துகிற டேக்குகளை முன்னால் வைத்தால் ஸ்டீமுக்கு ஒன்றும் புரியாது. 'லோடு'க்கு டிரைவிங், சிமுலேஷன், பிசிக்ஸ், மேனேஜ்மென்ட் என்று தொடங்கி, இண்டியைக் கடைசியில் தள்ளுங்கள். ஏற்கெனவே பார்த்துவைத்த பதினைந்து கேம்களின் டேக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லாம் ஏற்றிய பிறகு உள்ளடக்கக் கேள்வித்தாள் ஒன்று வரும். வன்முறை, ஆபாசம் எல்லாம் எந்த அளவுக்கு என்று கேட்பார்கள், 2024 ஜனவரியிலிருந்து ஏஐ வைத்து எதையாவது உருவாக்கினீர்களா என்பதும் அதில் உண்டு. உண்மையைச் சொல்லிவிடுங்கள், ஆடுகிறவர்கள் கண்டுபிடிக்காமல் விட மாட்டார்கள். அப்புறம் பக்கத்தைப் பரிசீலனைக்கு அனுப்புங்கள், மூன்று முதல் ஐந்து வேலை நாள் ஆகும். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவது சாதாரணம், பதற வேண்டாம்.

பக்கத்தை எப்போது திறப்பது? கேமின் ஒரு பகுதி நல்ல தோற்றத்துடன் ஓடத் தொடங்கிய உடனே. கேம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் தற்காலிகப் பெட்டிகளும் ஓசி எழுத்துருவும் தெரிகிற ஸ்க்ரீன்ஷாட்டோடு திறக்காதீர்கள். பக்கம் திறக்கிற நாள் ஒரு செய்தி. அன்றைக்கு ட்ரெய்லரோடு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சொல்ல முடிய வேண்டும்.

மூன்றாம் படி: பில்ட் ஏற்றுவது

பில்ட் என்றால் ஓடத் தயாராக இருக்கிற கேம் ஃபைல்கள். அதை ஏற்றுவது கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும், ஒரு மாலையில் முடிந்துவிடும் வேலைதான். ஸ்டீம்வொர்க்ஸ் தருகிற எஸ்டிகே என்ற கருவித் தொகுப்பில் ஸ்டீம்பைப் என்ற கருவி இருக்கிறது, விண்டோஸ் ஃபைல்களை ஒரு டெப்போவில் (ஃபைல்களின் தொகுப்பு) போட்டுத் தள்ளினால் ஏறிவிடும். சோதனைக்குத் தனி பிராஞ்ச், அதாவது தனிப் பதிப்பு, வைத்துக்கொள்ளுங்கள். கோடாட், யூனிட்டி மாதிரி கேம் செய்கிற மென்பொருள் எதுவுமே இன்ஸ்டால் செய்யாத ஒரு கம்ப்யூட்டரில், முடிந்தால் நண்பரின் பழைய லேப்டாப்பில், ஸ்டீம் வழியாகவே இறக்கி ஓட்டிப் பாருங்கள். கண்ட்ரோலர், சேவ் ஃபைல், முழுத்திரை மாற்றம் இந்த மூன்றும்தான் வழக்கமாக உதைக்கும். பில்டுக்கும் தனியாகப் பரிசீலனை உண்டு, அதனால் வெளியீட்டு வாரம் வரை தள்ளிப்போடாமல் ஒரு மாதம் முன்பே ஒரு பில்டைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம்.

நான்காம் படி: விஷ்லிஸ்ட்

ஒருவர் உங்கள் கேமை விஷ்லிஸ்டில், அதாவது பிற்பாடு வாங்க நினைக்கிற பட்டியலில், போட்டால், வெளிவரும் நாளில் ஸ்டீமே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். பிற்பாடு 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி கொடுத்தாலும் அனுப்பும். இந்த இலவச மின்னஞ்சல்தான் சின்ன டெவலப்பரின் கையில் இருக்கிற பெரிய ஆயுதம். வெளியீட்டுக்கு முன் விஷ்லிஸ்ட் போதுமான அளவுக்குச் சேர்ந்தால், முதல் பக்கத்தில் உள்ள 'பிரபலமான வரவிருப்பவை' பட்டியலில் சில நாட்கள் நிற்கலாம். அதற்கு எவ்வளவு வேண்டும் என்று வால்வ் சொன்னதில்லை, சுமார் 7,000 இருந்தால் நம்பிக்கை வைக்கலாம் என்பது டெவலப்பர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுச் சொல்கிற எண். அதைத் தொடவில்லை என்றால் உலகம் இடிந்து விழாது, ஆனால் நூறு இருநூறோடு வெளியிடுவதை விட நாளைத் தள்ளிப்போடுவது மேல்.

சேர்க்க என்ன வழி? பலன் தரும் வரிசையிலேயே சொல்கிறேன். டெமோ, விழாக்கள், கேம் ஆடுவதை இணையத்தில் காட்டுகிற ஸ்ட்ரீமர்கள், அப்புறம்தான் மற்ற எல்லாம்.

டெமோ, அதாவது இலவசமாக ஆடிப் பார்க்கிற ஒரு பகுதி, இல்லாமல் இறங்காதீர்கள். சுமார் அரை மணி நேரத்துக்கு ஆட விஷயம் வேண்டும், முடிகிற இடத்தில் விஷ்லிஸ்ட் பட்டன் பெரிதாக வேண்டும். 'லோடு' என்றால் முதல் மூன்று ராத்திரிகள், மூன்றாவது ராத்திரி பிரேக் முழுசாகப் போகும் நேரத்தில் டெமோ முடிய வேண்டும். கேமின் தொடக்கத்தை அப்படியே வெட்டிக் கொடுத்தால், பாதி டெமோவும் பட்டனை எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுப்பதிலேயே தீர்ந்துபோகும். 2024 ஜூலையிலிருந்து டெமோவுக்குத் தனிக் கடைப் பக்கமே வைத்துக்கொள்ளலாம், டெமோ வந்ததை விஷ்லிஸ்டில் உள்ளவர்களுக்கு அறிவிக்கவும் முடியும்.

நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்பது ஸ்டீம் நடத்துகிற டெமோ திருவிழா. பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று வருடத்துக்கு மூன்று. ஒரு கேம் அதில் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கலந்துகொள்ள முடியும், வெளியான பிறகு முடியாது. அதனால் கேம் வெளிவருவதற்கு முன்னால் கடைசியாக வருகிற நெக்ஸ்ட் ஃபெஸ்டைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, விழாவில்தான் முதன்முதலாக டெமோவை இறக்குவது என்ற பழக்கத்தை விடுங்கள். ஏற்கெனவே பரபரப்பாக இருக்கிற டெமோக்களைத்தான் விழா மேலே தூக்கிக் காட்டும், கீழே கிடப்பதைத் தேடி யாரும் வர மாட்டார்கள். ஓரிரு மாதம் முன்பே டெமோவை விட்டு, பிழைகளைத் திருத்தி, கொஞ்சம் விஷ்லிஸ்ட்டோடு உள்ளே போங்கள்.

ஸ்ட்ரீமர்களுக்கு எழுதும் மின்னஞ்சல் எட்டு வரியைத் தாண்டக் கூடாது. தலைப்பிலேயே கேமின் பெயர், வகை, 'கீ உள்ளே' என்று மூன்றும் இருக்கட்டும். கீ என்பது கேமை இலவசமாகத் திறக்கிற குறியீடு. முதல் வரியில் அவர் ஆடிய எந்த வீடியோவைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று, அடுத்த வரியில் கேம் என்ன என்று, ஒரு ஜிஃப், ஸ்டீம் இணைப்பு, கீ. 'விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், கீ அனுப்புகிறேன்' என்று எழுதினால் அவர் பதில் போட வேண்டிய வேலை வந்துவிடுகிறது, போட மாட்டார். பத்து லட்சம் பேர் உள்ள சேனலைத் துரத்துவதை விட, லாரி ஓட்டுகிற, பஸ் ஓட்டுகிற கேம்களையே ஆடிக்கொண்டிருக்கும் ஐயாயிரம் பேர் சேனல்கள் பலவற்றுக்கு எழுதுவது பலன் தரும்.

மாறாக உங்களுக்கு வருகிற மின்னஞ்சல்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். பக்கம் திறந்த வாரமே 'நான் பெரிய யூடியூபர், பரிசு கொடுக்க ஐந்து கீ அனுப்புங்கள்' என்று குவியும். பெரும்பாலும் கீயை வெளியே விற்கிற கும்பல். சேனலின் விவரப் பக்கத்தில் உள்ள முகவரியும் வந்த முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள், ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். க்யூரேட்டர் (ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைப்பவர்) என்று சொல்பவர்களுக்குக் கீயே கொடுக்காதீர்கள், ஸ்டீமில் க்யூரேட்டர் கனெக்ட் என்ற வசதி இருக்கிறது, அதன் வழியாக மட்டும் அனுப்புங்கள்.

ரெடிட், டிக்டாக், யூடியூப் ஷார்ட்ஸ் எல்லாம் லாட்டரி. அடித்தால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வரும், அடிக்கும் என்று திட்டம் போட முடியாது. பலாப்பழம் உருண்டு எதிரே வந்த பைக்கில் விழுகிற பத்து விநாடி கிளிப் தற்செயலாக வந்தால் உடனே போடுங்கள், ஆனால் தினமும் ஒரு வீடியோ என்று உட்கார்ந்தால் கேம் முடியாது. ஆங்கிலம் தவிர வேறு ஒரு மொழி சேர்க்க முடியும் என்றால் எளிதாக்கப்பட்ட சீனம். ஸ்டீமில் ஆங்கிலத்தோடு போட்டி போடுகிற மொழி அது ஒன்றுதான்.

ஐந்தாம் படி: விலையும் கணக்கும்

முதல் கேம்காரர்கள் கூச்சத்தில் விலையைக் குறைத்து வைப்பார்கள். மூன்று டாலருக்கு வைத்தால் தள்ளுபடி கொடுக்க இடமே இருக்காது, ஸ்டீமில் நிறைய விற்பனை தள்ளுபடியில்தான் ஓடும். உங்கள் பதினைந்து கேம்களின் விலையைப் பார்த்து அதே அளவில் வையுங்கள். டாலரில் விலை போட்டதும் மற்ற நாணயங்களுக்கு ஸ்டீமே ஒரு விலையைப் பரிந்துரைக்கும், இந்திய ரூபாய் உட்பட. பெரும்பாலும் அதை அப்படியே ஏற்கலாம்.

இப்போது கையில் என்ன வரும் என்று பாருங்கள். அமெரிக்காவில் ஒருவர் 9.99 டாலருக்கு ஒரு காப்பி வாங்குகிறார். ஸ்டீம் 30 சதவீதம் எடுத்தால் மிச்சம் 6.99. அதில் 15 சதவீத வரிப் பிடித்தம் 1.05 போனால் 5.94. இந்தியாவில் ஒருவர் 500 ரூபாய்க்கு வாங்கினால், அதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருப்பதால் முதலில் 424 ரூபாய் ஆகிறது, ஸ்டீமின் பங்கு போக 297 ரூபாய் கிட்ட நிற்கும். ஐரோப்பாவிலும் இதே மாதிரி விலைக்குள்ளேயே வாட் வரி உண்டு. இதன் மேல் ரீஃபண்ட் வேறு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் யார் வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கடையில் எழுதியிருக்கிற விலையில் பாதி கைக்கு வந்தால் நல்லது என்று கணக்குப் போடுங்கள். ஸ்டீமின் பங்கு 25 சதவீதமாகக் குறைவது 1 கோடி டாலர் வருமானத்துக்கு மேல்தான், அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

வெளியீட்டுத் தள்ளுபடி 10 முதல் 15 சதவீதம் போதும். அது முடிந்தபிறகு 30 நாட்களுக்குப் பொதுவாக வேறு தள்ளுபடி போட முடியாது, அதனால் பெரிய சீசன் சேல் எப்போது வருகிறது என்று நாட்காட்டியைப் பார்த்து நாளைக் குறியுங்கள். சேல் நடக்கிற வாரத்திலேயே புதுக் கேமை வெளியிடாதீர்கள். வெளியீட்டுக்கு இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டால் தேதியை உங்களால் மாற்ற முடியாது, வால்விடம் எழுதிக் கேட்க வேண்டும்.

ஆறாம் படி: வெளியிடும் நாள்

ஸ்டீமில் தானாக எதுவும் வெளியாகாது, நீங்கள்தான் பட்டனை அழுத்த வேண்டும். வழக்கமான நேரம் அமெரிக்க மேற்குக் கரையின் காலை 10 மணி, நமக்கு அது கோடையில் இரவு 10:30, அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிற குளிர்காலத்தில் 11:30. செவ்வாயோ வியாழனோ வையுங்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் ஏதாவது உடைந்தால் வால்வ் ஆட்கள் திங்கள்தான் பதில் சொல்வார்கள். அன்று பகலில் நன்றாகத் தூங்கிவிடுங்கள், அவ்வளவுதான் பெரிய அறிவுரை.

முதல் ராத்திரியின் குறி பத்து ரிவ்யூ. பத்து வந்தால்தான் கேமின் பெயருக்குக் கீழே 'பாசிட்டிவ்' என்ற மதிப்பீடு தெரியத் தொடங்கும், அது இல்லாத கேமை வாங்க ஆட்கள் தயங்குவார்கள். இலவசக் கீயில் ஆடியவர்களின் ரிவ்யூ இந்தக் கணக்கில் சேராது, காசு கொடுத்து வாங்கியவர்கள் எழுத வேண்டும். டெமோ ஆடிப் பாராட்டியவர்கள், உங்கள் டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் இருப்பவர்கள், இவர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ரிவ்யூ எழுதினால் கேமில் பரிசு தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது விதிமீறல்.

முதல் இரண்டு நாள் ஃபோரத்தை விட்டு நகராதீர்கள். கேம் திறக்கவே இல்லை என்று ஒருவர் எழுதினால், சில மணி நேரத்தில் திருத்தம் ஏற்றி 'சரி செய்துவிட்டேன், பாருங்கள்' என்று பதில் போடுங்கள். எதிர்மறை ரிவ்யூவை அவரே நேர்மறையாக மாற்றுவது நீங்கள் நினைப்பதை விட அடிக்கடி நடக்கும். கேமே பிடிக்கவில்லை என்று எழுதியவரோடு மட்டும் வாதத்துக்குப் போகாதீர்கள். அந்த வாதத்தை நூறு பேர் படிப்பார்கள், ஒருவர்கூட உங்கள் பக்கம் சாய மாட்டார்.

அதற்குப் பிறகு

முதல் வாரம் முடிந்ததும் விற்பனை சரியும். எல்லாருக்கும் சரியும். ஆனால் விஷ்லிஸ்டில் இன்னும் வாங்காதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி போடுகிற ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு மறுபடி மின்னஞ்சல் போகிறது, அதனால் கோடை, குளிர்கால சேல் எதையும் விடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்குங்கள், எடுத்த எடுப்பில் 75 சதவீதத்துக்குப் பாயாதீர்கள். பெரிய அப்டேட் விடும்போது கேமைக் கடையில் மறுபடி காட்டுவதற்கு ஸ்டீம்வொர்க்ஸில் 'அப்டேட் விசிபிலிட்டி ரவுண்டு' என்று இருக்கிறது, கையில் இருப்பது சிலவே, வெறும் பிழைத்திருத்தத்துக்கு அதைச் செலவழிக்காமல் புது லாரி, புது மலை என்று வரும்போது பயன்படுத்துங்கள். உங்கள் அளவில் இருக்கிற வேறு டெவலப்பர்களோடு சேர்ந்து பண்டில் (கேம்களை ஒரே கட்டாக விற்பது) போடுவதும் செலவில்லாத வேலை. லாரி கேம்காரரும் பஸ் கேம்காரரும் ஆளை மாற்றிக்கொள்கிறார்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

பணம், ஒரு மாதம் விற்றது அடுத்த மாதக் கடைசியில் வரும். 100 டாலர் சேராத மாதத்தில் வராமல் அடுத்ததோடு சேரும். முதல் தடவை வரும்போது இது எதற்கான பணம் என்று வங்கி பர்ப்பஸ் கோடு கேட்கும், ஸ்டீம்வொர்க்ஸில் உள்ள மாதாந்திர அறிக்கையையும் ஒப்பந்தத்தையும் காட்டினால் முடிந்துவிடும். பணம் வந்ததற்கான வெளிநாட்டு வரவுச் சான்றிதழை அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அலைய விடுவார்கள். அமெரிக்காவில் பிடித்த அந்த 15 சதவீதத்துக்கு, வருடம் முடிந்த பிறகு 1042-எஸ் என்ற தாள் ஸ்டீம்வொர்க்ஸ் கணக்கிலேயே வந்து நிற்கும். அதை வைத்து இந்தியாவில் கட்ட வேண்டிய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கான படிவத்தைக் கணக்குத் தாக்கலோடு தனியாகப் போட வேண்டும். உள்ளூர்க் கணக்கு மட்டும் பார்க்கிற ஆடிட்டருக்கு இது பழக்கம் இருக்காது. ஐடி ஆட்களுக்கும் ஃப்ரீலான்ஸர்களுக்கும் கணக்குப் பார்க்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, ஜிஎஸ்டி பதிவு உங்களுக்குத் தேவைப்படுமா என்பதையும் அதே உட்காரலில் கேட்டுவிடுங்கள்.